வலப்பக்கத்து இருக்கை

நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தியோக்கியா நகரத்தில் லெயோந்தியஸ் என்றொரு ஆயர் இருந்தார். ஊர்க் கிறிஸ்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தார்கள். ஆனாலும் கூடியது ஒரே கோயிலில்தான். சங்கீதம் பாடி முடித்ததும் கடவுளுக்குப் புகழ் சொல்லி நிறைவு செய்வது அங்கே வழக்கம். பிதாவையும் குமாரனையும் பரிசுத்த ஆவியையும் ஒரே வரிசையில் நிறுத்தி மூவருக்கும் புகழ் என்று ஒரு கட்சி பாடும். குமாரன் வழியாகப் பிதாவுக்குப் புகழ் என்று மறு கட்சி பாடும். ஆயர் எந்தப் பக்கம் என்று அறிய இரு தரப்பும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். அவரோ அந்த இடம் வந்ததும் வாய்க்குள் முணுமுணுத்துவிடுவார். ‘என்றென்றைக்கும்’ என்ற முடிவு மட்டும்தான் வெளியே கேட்கும். பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூட மற்றது காதில் விழவில்லை என்று அடுத்த நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோதரேத்து எழுதிவைத்திருக்கிறார்.

லெயோந்தியஸ் கோழையா, சமர்த்தரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தம் நரைத்த தலையைத் தொட்டுக் காட்டி, இந்தப் பனி உருகினால் சேறு நிறைய வரும் என்று அவர் சொன்னதாக இன்னொரு வரலாற்றாசிரியர் சோசோமென் குறித்திருக்கிறார். சொன்னது பலித்தது. அவர் கண்ணை மூடிய சில ஆண்டுகளில், தானே உண்மையான ஆயர் என்று சொல்லிக்கொண்டு அந்த ஒரே ஊரில் மூன்று பேர் இருந்தார்கள்.

ஒரு ‘வழியாக’வுக்காகவா இத்தனை அடிதடி? இயேசு சிலுவையில் மரித்தார், உயிர்த்தெழுந்தார், விண்ணுக்கு ஏறிப்போனார் என்பது கிறிஸ்தவர் எல்லாரும் சொல்லும் விசுவாசப் பிரமாணம். போனவர் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார்? பிதாவின் வலப்பக்கத்தில் இருந்துகொண்டு, தம்மை நம்புகிறவர்களுக்காகப் பரிந்து பேசுகிறார் என்பது கிறிஸ்தவ மரபின் பதில். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரமும் எபிரெயர் நிருபத்தின் ஏழாம் அதிகாரமும் யோவானின் முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரமும் இதையே சொல்கின்றன. இன்றைக்கும் கத்தோலிக்கத் திருப்பலியில் குருவானவர் சொல்லும் மன்றாட்டு கிறிஸ்து வழியாக என்று முடிகிறது. சி.எஸ்.ஐ. கோயிலிலும் பெந்தெகொஸ்தே சபையிலும் ஜெபம் இயேசுவின் நாமத்தில் என்று முடிகிறது.

சிக்கல் அதற்குள்ளேயே இருக்கிறது. பரிந்து பேசுகிறவர், யாரிடம் பேசுகிறாரோ அவரைவிட ஒரு படி கீழேதானே நிற்க வேண்டும்? அப்படியானால் இயேசு கடவுளுக்குச் சமமானவர் எப்படி? சமமானவர் என்றால் அவர் யாரிடம் கெஞ்சுகிறார்? இயேசுவை மேலே மேலே உயர்த்தியபோதெல்லாம் இந்த வலப்பக்கத்து இருக்கை வெறுமையானதுபோல் மக்களுக்குத் தோன்றியிருக்கிறது. வெறுமையாகத் தோன்றிய இடத்துக்கு வேறு யாராவது வந்து சேர்ந்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக் கிறிஸ்தவ ஜெபத்தின் வரலாற்றில் பாதி இந்த இருக்கைக்கு நடந்த போட்டிதான் என்று சொன்னால் மிகையாகாது.

தொடக்கம் எருசலேம் ஆலயத்தில். ஆண்டுக்கு ஒருமுறை, பாவநிவாரண நாளில், பிரதான ஆசாரியர் மட்டும் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவார். மற்ற நாள்களில் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது அவர் அணியும் மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொன்றிலும் இஸ்ரவேலின் ஒரு கோத்திரத்துப் பெயர். மக்கள் வெளியே நிற்பார்கள், அவர்கள் பெயர்கள் மட்டும் அவர் மார்பில் ஏறி உள்ளே போகும். இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்து விண்ணுலகத்துக்கு மாற்றிவைத்தது எபிரெயர் நிருபம். அங்கே ஆசாரியர் இயேசு. அவர் ஆண்டுக்கு ஒருமுறை போய் வருகிறவர் அல்லர், உள்ளேயே இருந்துவிட்டவர். இதை எழுதியவர் யார் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே அறிஞர்கள் கையை விரித்துவிட்டார்கள். கி.பி. 70-ல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை இடித்துத் தள்ளியது. அதன்பிறகு பூமியில் அந்த ஆசாரியருக்கும் வேலை இல்லை, அந்த அறையும் இல்லை. நிருபம் வரைந்து காட்டிய விண்ணுலக ஆலயம்தான் கிறிஸ்தவர்களுக்கு மிஞ்சியது.

பவுலும் யோவானும் வரைந்த சித்திரம் வேறு. அது நீதிமன்றம். குற்றம் சாட்டுகிறவன் ஒருவன், தீர்ப்புச் சொல்கிறவர் ஒருவர், நமக்காக வாதாடுகிறவர் ஒருவர். இரண்டையும்விட எளிமையான மூன்றாவது சித்திரம் லூக்கா நற்செய்தியில் இருக்கிறது. கைதாவதற்குச் சற்று முன்பு இயேசு பேதுருவிடம், உன் விசுவாசம் தளர்ந்துவிடாதபடி உனக்காக வேண்டிக்கொண்டேன் என்று சொல்கிறார். ஆசாரிய உடையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. நண்பர் ஒருவர் பெயர் சொல்லிச் செய்த ஜெபம், அவ்வளவுதான். அன்றிரவே பேதுரு மூன்று முறை அவரைத் தெரியாது என்று மறுதலித்ததையும் அதே லூக்கா மறைக்காமல் எழுதிவிட்டார்.

ஆதிக் கிறிஸ்தவர்கள் பிதாவிடம் மட்டும்தான் ஜெபித்தார்கள் என்று நினைத்தால் தவறு. கல்லெறிபட்டுச் சாகும்போது ஸ்தேவான் நேரே இயேசுவைக் கூப்பிட்டார் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். வழக்கமாக உட்கார்ந்திருப்பவராகச் சொல்லப்படும் இயேசு அந்த ஒரு காட்சியில் மட்டும் எழுந்து நிற்கிறார். 112 வாக்கில் பித்தினியா மாகாணத்தின் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று பேரரசர் திராயானுக்கு அறிக்கை அனுப்பினார். ஆக, கிறிஸ்து வழியாகவும் ஜெபித்தார்கள், கிறிஸ்துவிடமும் ஜெபித்தார்கள். யாரும் இலக்கணம் பார்க்கவில்லை.

இலக்கணம் பார்த்த முதல் பெரிய மனிதர் ஓரிகன். அலெக்சாந்திரியாக்காரர், பிற்பாடு பாலஸ்தீனத்துச் செசரியாவில் குடியேறியவர். 233-க்கு ஒட்டிய காலத்தில், அம்புரோசியுஸ் என்ற நண்பரும் தத்தியானா என்ற பெண்மணியும் கேட்டதற்காக ஜெபத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் கறாராகச் சொல்லிவிட்டார்: முழுப் பொருளில் ஜெபம் என்பது பிதா ஒருவருக்கே உரியது, கிறிஸ்துவே ஜெபிக்கிறவர், நமக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர், நம் ஜெபத்தைக் கொண்டுசேர்க்கும் பிரதான ஆசாரியர், கொண்டுசேர்க்கிறவரிடமே ஜெபிப்பது முறையல்ல. வாதம் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓரிகனின் பிரசங்கங்களைப் படித்தால், நடுநடுவே அவரே இயேசுவைக் கூப்பிட்டு வேண்டுவதைப் பார்க்கலாம். சித்தாந்தம் எழுதும் கை ஒன்று, கும்பிடும் கை ஒன்று. இந்த வரலாறு நெடுக இது நடக்கும்.

318 வாக்கில் அதே அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு, குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர், அவருக்குச் சமமானவர் அல்லர் என்று போதிக்கத் தொடங்கினார். ஆரியுஸின் ஆதரவாளர்களுக்குப் பழைய ஜெபங்களே சாட்சியாகக் கிடைத்தன. நீங்களே உங்கள் ஜெபத்தில் ‘குமாரன் வழியாக’ என்றுதானே சொல்கிறீர்கள், வழியாக இருப்பவர் போய்ச்சேரும் இடம் ஆவாரா என்று மடக்கினார்கள். 325-ல் நிசேயாவில் கூடிய சங்கம் ஆரியுஸின் போதனையைத் தள்ளியது. ஆனாலும் சண்டை அரை நூற்றாண்டு ஓயவில்லை. லெயோந்தியஸ் முணுமுணுத்தது இந்தக் காலத்தில்தான். அவருடைய ஊரில் பிளாவியான், தியோதோர் என்ற இரண்டு துறவிகள் மக்களை இரு அணியாகப் பிரித்து, சங்கீதங்களை மாறி மாறிப் பாடப் பழக்கினார்கள். அணியணியாகப் பாடி, மூவருக்கும் புகழ் என்று கூட்டமே முழங்கி முடிக்கும்போது ஆயர் என்ன முணுமுணுத்தால் என்ன?

கப்பதோக்கியாவின் செசரியாவில் ஆயராக இருந்த பசிலியார் முணுமுணுக்கவில்லை. ஒருநாள் வழிபாட்டில் இரண்டு வகையாகவும் உரக்கச் சொன்னார். ஒருமுறை ‘குமாரனோடு’, ஒருமுறை ‘குமாரன் வழியாக’. உடனே புகார் கிளம்பியது. அதற்குப் பதிலாக 375 வாக்கில் இக்கோனியம் ஆயர் அம்பிலோக்கியுஸுக்கு எழுதியதுதான் பரிசுத்த ஆவியைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல். கடவுளின் மகிமையை நினைக்கும்போது ‘குமாரனோடு’ பொருந்தும், அவர் நமக்குச் செய்த நன்மையை நினைக்கும்போது ‘குமாரன் வழியாக’ பொருந்தும், இரண்டும் வேண்டும் என்பது அவர் கட்சி. அவருடைய நண்பர் நாசியான்சு கிரகோரியார் சில ஆண்டுகள் கழித்துக் கான்ஸ்தாந்திநோபிளில் ஆற்றிய உரையில் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். இயேசு பரிந்து பேசுகிறார் என்றால் அடிமைபோல் பிதாவின் காலில் விழுந்து கிடக்கிறார் என்று எண்ணாதீர்கள். நம்மைப் போன்ற மனித உடலோடு அவர் அங்கே இருப்பதே நமக்கான மன்றாட்டு என்றார்.

ஆனாலும் கிழக்கத்திய வழிபாட்டில் ‘வழியாக’ மெல்லப் பின்வாங்கியது. ஆரியுஸ் வாடை அடிக்கும் எதையும் வைத்திருக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. மேற்கே வட ஆப்பிரிக்கா இதற்கு நேர்மாறு. 393-ல் ஹிப்போவிலும் 397-ல் கார்த்தேஜிலும் கூடிய சங்கங்கள், பீடத்தில் சொல்லும் ஜெபம் எப்போதும் பிதாவை நோக்கியே இருக்கட்டும் என்று விதித்தன. ரோம வழிபாடும் இந்தப் பழமையைப் பிடித்துக்கொண்டது. அதன் சிறு மன்றாட்டுகள் பெரும்பாலும் பிதாவை விளித்துத் தொடங்கி, கிறிஸ்து வழியாக முடிகின்றன. ஏட்டில் இருந்த ஜெபம் மாறவில்லை. கோயில் சுவரில் இருந்த படம் மாறிவிட்டது.

இஸ்தான்புல்லில் ஹாகியா சோபியாவின் தெற்கு மாடத்துக்கு ஏறிப் போகிறவர்கள் 1261 வாக்கில் செய்யப்பட்ட ஒரு மொசைக் ஓவியத்தைப் பார்க்கலாம். நடுவில் கிறிஸ்து. அவருக்கு ஒரு பக்கம் மரியாள், மறுபக்கம் திருமுழுக்கு யோவான். இருவரும் அவர் பக்கமாகத் தலைசாய்த்து மனிதருக்காக மன்றாடுகிறார்கள். கிழக்கத்திய கிறிஸ்தவத்தில் இந்த அமைப்புக்கு தேயெசிஸ் என்று பெயர். ஆயிரக்கணக்கான கோயில்களில் உண்டு. யார் எங்கே இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பரிந்து பேச வேண்டியவர் தீர்ப்புச் சொல்பவரின் இடத்துக்கு வந்துவிட்டார். அவரிடம் பரிந்து பேச இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கலெக்டரே நம்ம ஆள்தான் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள், வாசலில் நின்றுகொண்டு அவரிடம் சொல்ல ஆள் தேடின கதை.

மேற்கே இதை வெளிப்படையாகவே போதித்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்து, மரியாளைக் கால்வாய் என்றார். ஊற்று கிறிஸ்து, தண்ணீர் நம்மிடம் வருவது அவள் வழியாக. மத்தியஸ்தரிடம் போக ஒரு மத்தியஸ்தர். இந்த எண்ணத்தின் உச்சத்தை நியூயார்க்கில் உள்ள ஒரு பெரிய துணி ஓவியத்தில் காணலாம். ஃபுளோரன்ஸ் தலைமைக் கோயிலுக்காக 1402-க்கு முன் வரையப்பட்டது. லொரென்சோ மொனாக்கோ வரைந்ததாகக் கருதப்படுகிறது. மேலே பிதா. கீழே ஒரு பக்கம் இயேசு தம் விலாக் காயத்தைப் பிதாவுக்குக் காட்டி வேண்டுகிறார். மறுபக்கம் மரியாள், தான் பாலூட்டிய மார்பைப் பிடித்தபடி, தன் காலடியில் சிறுத்துப்போய்க் குவிந்திருக்கும் ஊர் மக்களைச் சுட்டிக்காட்டி மகனிடம் வேண்டுகிறாள். மனிதர் மரியாளிடம், மரியாள் இயேசுவிடம், இயேசு பிதாவிடம். எபிரெயர் நிருபத்தின் பழைய நம்பிக்கை இங்கே அழியவில்லை. அதற்குக் கீழே ஒரு படிக்கட்டு முளைத்திருக்கிறது.

இந்தப் படிக்கட்டை ஆரியுஸ் சண்டையின் விளைவு என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. மரியாளின் அடைக்கலம் தேடும் கிரேக்க ஜெபம் ஒன்று எழுதப்பட்ட எகிப்தியப் பாப்பிரஸ் துண்டு மான்செஸ்டரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது; 1938-ல் பதிப்பிக்கப்பட்டது. அதை மூன்றாம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, பல நூற்றாண்டு பிந்தியது என்பாரும் உண்டு. முந்தைய கணக்கு சரியானால் ஆரியுஸ் வாயைத் திறக்குமுன்பே எகிப்துக்காரர்கள் மரியாளைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். தாயிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்று கண்டுபிடிக்க யாருக்கும் இறையியல் சண்டை தேவைப்பட்டிருக்காது.

1505 ஜூலை 2. ஜெர்மனியில் எர்ஃபுர்ட் நகரத்துக்கு அருகே ஷ்டோட்டர்ன்ஹைம் பக்கமாக நடந்துகொண்டிருந்த சட்ட மாணவர் ஒருவருக்குப் பக்கத்தில் இடி விழுந்தது. உயிர்ப் பயத்தில் அவர் கூப்பிட்டது இயேசுவை அல்ல, மரியாளின் தாயான புனித அன்னாவை. காப்பாற்றினால் துறவியாகிறேன் என்று நேர்ந்துகொண்டார். அன்னா சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலர்; மாணவரின் தந்தை சுரங்கத் தொழிலில் இருந்தவர். மாணவர் பெயர் மார்ட்டின் லூத்தர். இளமையில் கிறிஸ்து என்றாலே வானவில்மேல் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் நீதிபதிதான் என் நினைவுக்கு வந்தார், பயந்து புனிதர்களிடம் ஓடினேன் என்று பிற்காலத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கோயில் சுவரில் இருந்த படம் ஒரு பையனின் மனத்தில் என்ன செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அந்தப் பையன் வளர்ந்து படிக்கட்டை இடித்தார். 1530 ஜூனில் அவுக்ஸ்புர்க் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால் லூத்தரின் தரப்பு வாசித்த விசுவாச அறிக்கையின் 21-ஆம் பிரிவு, புனிதர்களை முன்மாதிரியாக நினைவுகூரலாம், அவர்களிடம் உதவி கேட்க வேதத்தில் இடமில்லை, கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர் என்றது. லூத்தரின் தோழர் மெலாங்தன் எழுதியது, நிதானமான கை. விண்ணுலகில் இருக்கும் புனிதர்கள் திருச்சபைக்காகப் பொதுவாக ஜெபிக்கலாம் என்பதைக்கூட அவர் அடுத்த ஆண்டு எழுதிய விளக்கத்தில் மறுக்கவில்லை. இங்கிலாந்தில் பேராயர் கிரான்மர் 1549-ல் வெளியிட்ட பொது ஜெபப் புத்தகத்தில், கிறிஸ்து மட்டுமே நம் மத்தியஸ்தர், நமக்காக வாதாடுபவர் என்று ஜெபத்தின் முடிவையே நீட்டினார். அந்தப் புத்தகத்தின் வழிவந்த ஆங்கிலிக்க வழிபாடு பின்னாளில் திருநெல்வேலிக் கிராமங்கள்வரை வந்தது. ஜெனீவாவில் சீர்திருத்தவாதி கால்வின், இயேசு முழங்காலில் நின்று கெஞ்சுவதாகக் கற்பனை செய்யாதீர்கள், அவருடைய மரணத்தின் பலனே ஓயாத மன்றாட்டு என்று எழுதினார். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் கிரகோரியார் சொன்னதுதான்.

கத்தோலிக்கத் தரப்பு 1563 டிசம்பரில் திரெந்து சங்கத்தின் கடைசி அமர்வில் பதில் சொன்னது. புனிதர்களின் உதவியை நாடுவது நல்லது, பயனுள்ளது. ஆனால் மீட்பர் கிறிஸ்து ஒருவரே, வரம் கிடைப்பது அவர் வழியாகவே. இந்த வேறுபாடு பிரார்த்தனை மாலையைக் காதால் கேட்ட எந்தத் தமிழ்க் கத்தோலிக்கருக்கும் பழக்கமானது. கடவுளின் பெயரும் கிறிஸ்துவின் பெயரும் வரும்போது மக்கள் இரக்கம் கேட்பார்கள். மாதாவின் பெயரும் புனிதர் பெயரும் வரும்போது எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்பார்கள். பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் இந்த இரண்டு பதில்களையும் வைத்துத்தான் எது வழிபாடு, எது உதவி கேட்பது என்று பிரித்துக் காட்டினார். கவனித்தால் ஒன்று புரியும்: இயேசுவிடம் யாரும் ‘வேண்டிக்கொள்ளும்’ என்று கேட்பதில்லை. பரிந்து பேசுபவர் என்று நிருபங்கள் யாரைச் சொல்கின்றனவோ, அவரிடம் கேட்கப்படுவது வேறு.

இந்த இரண்டு மரபுகளும் தமிழ்க் கடற்கரையில் தனித்தனியே வந்து இறங்கின. முத்துக்குளித்துறையில் 1542-ல் சவேரியார் வந்து, உள்ளூர்க்காரர் துணையோடு ஜெபங்களைத் தமிழாக்கிப் பரதவர்க்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப்பின் வந்த அன்றீக்கு அடிகள் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ வெறும் 16 பக்கம். அதே அடிகள் 1586-ல் அச்சிட்ட ‘அடியார் வரலாறு’ அறுநூறு பக்கத்துக்கு மேல். தமிழ் அச்சுக்கலையின் முதல் பெரிய புத்தகம் புனிதர்களின் கதைத் தொகுப்பு. பரிந்து பேச விண்ணில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் இங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்று கடற்கரைக் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்துவைத்த புத்தகம்.

1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கும் புளூட்சோவும் இறங்கினார்கள். அவுக்ஸ்புர்க் அறிக்கையின் பிள்ளைகள். 1715-ல் அவர்கள் அச்சகத்திலிருந்து தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. எபிரெயர் நிருபத்தைத் தமிழர் அச்சில் படிக்க முடிந்தது அப்போதுதான். சில ஆண்டுகளுக்கு முன்பே வீரமாமுனிவர் தமிழகம் வந்திருந்தார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கும் கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கும் கோயில் எழுப்பினார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமே பாடினார். தஞ்சை அரசின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கர், தரங்கம்பாடியாரின் வேதப் புத்தகத்தைப் படித்துவிட்டு 1720-களின் கடைசியில் லூத்தரன் பக்கம் போய் உபதேசியார் ஆனார். முனிவர் பேனாவை எடுத்தார். ‘வேத விளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ எல்லாம் இந்தச் சண்டையில் பிறந்த உரைநடை. வைகிறபோதும் தமிழ் நன்றாக இருக்கும் என்பது அவற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஜெர்மனியில் இடி விழுந்து தொடங்கிய வழக்கு இப்படிக் காவிரி நாட்டில் தமிழ் உரைநடைக்கு ஒரு லாபமாக முடிந்தது.

தரங்கம்பாடிக்குத் தெற்கே அதே கடற்கரையில் வேளாங்கண்ணி. ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் திருவிழா முடியும்வரை நடந்தே வரும் கூட்டத்தில் கத்தோலிக்கர் மட்டும் இல்லை. மொட்டை போடுகிறவர்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள், குணமான உறுப்பை வெள்ளியில் செய்து காணிக்கை போடுகிறவர்கள் யாரும் திரெந்து சங்கத்தின் நுட்பத்தை யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. மாதா கேட்டு வாங்கித் தருகிறாள் என்பது குருவானவர் பிரசங்கம். மாதா தருகிறாள் என்பது வரிசையில் நிற்கும் பெண்ணின் பேச்சு.

புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கை இயேசுவிடமே திரும்பியது என்பது உண்மை. அந்த நம்பிக்கைக்கு அவர்கள் கொடுத்த அளவு உணர்ச்சியை முந்தைய நூற்றாண்டுகள் கொடுக்கவில்லை. 1651-ல் ஆங்கிலத் தூய்மைவாதி தாமஸ் குட்வின், விண்ணில் இருக்கும் கிறிஸ்துவின் நெஞ்சம் பூமியில் உள்ள பாவிகளுக்காக எப்படித் துடிக்கிறது என்பதற்கே ஒரு நூல் எழுதினார். 1742-ல் சார்லஸ் வெஸ்லி இயேசுவின் காயங்களே பேசி மன்றாடுவதாகப் பாட்டுக் கட்டினார். இருபத்தொன்பது வயதில் 1843-ல் காய்ச்சலில் இறந்த ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மக்செயின், பக்கத்து அறையில் இயேசு எனக்காக ஜெபிப்பது காதில் விழுந்தால் பத்து லட்சம் எதிரிகளுக்கும் பயப்பட மாட்டேன், தூரத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். தமிழ்ப் பிரசங்க மேடைகளிலும் இதைக் கேட்கலாம், பெரும்பாலும் சொன்னவர் பெயர் இல்லாமல்.

அப்படியும் அந்த வீடுகளில் மனிதத் துணை வேண்டும் என்ற ஆசை போய்விடவில்லை. புனிதர்களை அனுப்பிவிட்ட சபைகளில் ஜெப கோபுரங்கள் எழுந்தன. பிரசித்தி பெற்ற ஊழியருக்கு விண்ணப்பக் கடிதம் எழுதுகிறார்கள், இரவெல்லாம் தொலைபேசியில் ஜெபக் குறிப்புச் சொல்கிறார்கள், அவர் கை வைத்து ஜெபித்தால் கேட்கும் என்று நம்பி மைதானத்தில் வெயிலில் காத்திருக்கிறார்கள். உயிரோடிருக்கும் விசுவாசி இன்னொருவருக்காக ஜெபிப்பதை எந்தச் சீர்திருத்தவாதியும் தடுக்கவில்லை என்று அவர்கள் சொல்வார்கள், சரிதான். ஆனால் ஊர் போதகரின் ஜெபத்தைவிட அந்த ஊழியரின் ஜெபத்துக்கு ஏன் அதிக பலம் என்று கேட்டால், அங்கே வரும் பதிலுக்கும் பெர்னார்தின் கால்வாய்க்கும் தூரம் அதிகமில்லை.

இந்தக் கதையை முதலில் ஒரு வரிசையாகக் கோத்துச் சொன்னவர் ஒரு கத்தோலிக்கர் என்பது சுவையான செய்தி. இன்ஸ்புருக்கில் பேராசிரியராக இருந்த ஆஸ்திரிய இயேசு சபைக் குரு யோசப் ஆந்திரேயாஸ் யுங்மன், வழிபாட்டு ஜெபத்தில் கிறிஸ்துவின் இடம் பற்றி 1925-ல் ஒரு நூல் வெளியிட்டார். ஆரியுஸை எதிர்க்கும் வேகத்தில் கிறிஸ்துவின் கடவுள்தன்மையை மட்டும் அழுத்தியதால் அவர் மத்தியஸ்தர் என்பது மங்கியது, அந்த வெற்றிடத்தில் புனிதர் வணக்கம் வளர்ந்தது என்பது அவர் கண்ட முடிவு. கிறிஸ்துவை நோக்கிய ஜெபம் அவர் நினைத்ததைவிடப் பழையது, பரவலானது என்று பின்வந்தோர் திருத்தினார்கள். அடிப்படைக் கோடு இன்னும் நிற்கிறது.

யுங்மன் நூலகத்தோடு நின்றுவிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுச் சீர்திருத்தத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் சங்கத்தில் இருக்கைப் பிரச்சினை நேரடியாகவே வாக்கெடுப்புக்கு வந்தது. மரியாளைப் பற்றித் தனி ஆவணம் வேண்டுமா, அல்லது திருச்சபையைப் பற்றிய ஆவணத்துக்குள் ஒரு அதிகாரமாகச் சேர்க்கலாமா? தனி ஆவணத்துக்காக மணிலாவின் கர்தினால் சாந்தோஸ் பேசினார், சேர்ப்பதற்காக வியன்னாவின் கர்தினால் கோனிக் பேசினார். 1963 அக்டோபர் 29-ல் வாக்கு எண்ணப்பட்டது. சேர்க்கலாம் என்றவர்கள் 1,114. வேண்டாம் என்றவர்கள் 1,074. நாற்பது வாக்கு வித்தியாசம். எட்டாம் அதிகாரமாகச் சேர்ந்த அந்தப் பகுதி, மரியாளின் தாய்மைப் பணி கிறிஸ்துவின் ஒரே மத்தியஸ்தத்தை மறைப்பதோ குறைப்பதோ இல்லை என்று வார்த்தைக்கு வார்த்தை எடைபோட்டு எழுதப்பட்டது. மத்தியஸ்தி என்ற பட்டம் வந்தது, ஆனால் வேறு சில பட்டங்களுக்கு நடுவே, சத்தமில்லாமல். திருச்சபையின் தாய் என்ற பட்டத்தைச் சேர்க்க வேண்டும் என்று பலர் கேட்டும் சேர்க்கவில்லை.

1964 நவம்பர் 21-ல் அந்த ஆவணம் 2,151 பேர் ஆதரவோடும் 5 பேர் எதிர்ப்போடும் நிறைவேறியது. அதே நாள், அதே சங்கத்தின் அமர்வை முடித்துவைத்துப் பேசிய பாப்பரசர் ஆறாம் பவுல், மரியாளைத் திருச்சபையின் தாய் என்று தாமே அறிவித்தார்.